பழைய அவுட்போர்டு எஞ்சின்: கடன் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் மக்கர் பண்ணினால், கடன் வாங்கி உடனே புதுசுக்கு அலையாதீர்கள். முதலில் மெக்கானிக்கிடம் பிளக்கைக் கழற்றி கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பிளக், கார்புரேட்டர் சுத்தம், பெட்ரோல் டியூப் என்று சின்னச் செலவிலேயே முடியலாம். எஞ்சினைக் குளிரவைத்துவிட்டுப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்துவிட்டதா? தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) பாருங்கள். அதைக் கவனிக்காமல் விட்டுத்தான் பலர் பிஸ்டனையே ஜாம் ஆக்குகிறார்கள். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால், சீல் போய் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

எஞ்சினின் உடம்பான பிளாக்கையே உப்பு அரித்திருந்தால் மட்டும் கைகழுவி விடுங்கள்.

செகண்ட்ஹேண்ட் வாங்கப் போனால், டிரம்மில் தண்ணீர் வைத்து, குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்ணெதிரே கிளப்பச் சொல்லுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால்... குளிரில் கிளம்பாததை மறைக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்தான். எஞ்சினின் கால் நீளம் (ஷாஃப்ட்) 15 அங்குலமா 20 அங்குலமா, உங்கள் படகின் பின்பலகைக்குப் பொருந்துமா என்றும் அளந்துகொள்ளுங்கள்.