தொட்டி மண் கலவையில் செய்யக் கூடாத தவறுகள்

நிலத்தில் உரம் சற்றுக் கூடிப்போனால் மழை அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். வேரும் வேறு பக்கம் ஓடித் தப்பித்துக்கொள்ளும். தொட்டியில் வேருக்குப் போக்கிடம் கிடையாது. 20 லிட்டர் மண்ணில் போட்டது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். நுண்ணுயிர்களை நம்பி இயற்கை முறையில் வளர்க்கும் தொட்டி மண் கெட்டுப்போவது பெரும்பாலும் இதை மறந்துவிட்டுக் கலப்பதால்தான்.

முதல் தவறு, உரத்திலிருந்து ஆரம்பிப்பது. எந்தப் புண்ணாக்கு, எவ்வளவு எலும்புத்தூள் என்று கேட்பதற்கு முன்னால் காற்றுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தை வேருக்கு எடுத்துக் கொடுக்கும் நுண்ணுயிர்களுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். மூன்றில் ஒரு பங்கு ஈரம் பிடிக்கும் தென்னை நார்த்தூள், ஒரு பங்கு பெர்லைட் (பொரித்த எரிமலைக் கண்ணாடி), பியூமிஸ் (நுரைக்கல்), நெல் உமி போன்ற காற்றோட்டப் பொருள், ஒரு பங்கு நன்றாக மக்கிய கம்போஸ்ட் அல்லது மண்புழு உரம் என்பது நம்பிக்கையான அடிப்படை. மூன்றையும் ஒரே வாளியால் அளக்க வேண்டும். தராசு இங்கே உதவாது. 10 லிட்டர் பெர்லைட் ஏறக்குறைய 1 கிலோதான் இருக்கும். அதே வாளி நிறைய ஈரமான மண்புழு உரம் அதைப்போல் பல மடங்கு கனக்கும்.

சத்து அதிகம்தானே என்று மண்புழு உரத்தைப் பாதிக்கு மேல் போடுபவர்கள் உண்டு. அதன் பொடித்துகள்கள் நீரோடு இறங்கி இடைவெளிகளை அடைத்துவிடும். சில மாதங்களில் மண் அமுங்கி, தொட்டியின் மேல்மட்டம் விரற்கடைக் கணக்கில் இறங்கியிருக்கும். களிமண்ணை இளக்குவதற்காகப் பொடி மணலைக் கலப்பதும் இதே வேலையைத்தான் செய்யும்.

அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை விடாமல் தொடர்கிறது. ஒரு ஸ்பாஞ்சை நீரில் முக்கி, படுக்கைவாட்டில் பிடித்துச் சொட்டு நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடி தண்ணீர் சொட்டும். உயரம் கூடும்போது நீரின் கனம் கூடி, துளைகளின் பிடியை மீறி வெளியேறுகிறது. தொட்டி மண்ணும் அப்படித்தான். அடியில் ஒரு பகுதி எப்போதும் ஈரம் தோய்ந்து நிற்கும், அந்தப் பகுதியின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துளையளவு. ஜல்லி போட்டால் அந்த ஈரப் பகுதி ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்து உட்காரும். மண் வெளியே போகாமலிருக்கத் துளைமேல் ஒரு துண்டு வலை போதும்.

நார்த்தூளில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நார்த்தூள் கட்டியை ஊறவைத்துப் பிழிந்தால், நாரோடு ஒட்டாமல் கிடக்கும் உப்பு போய்விடும். ஆனால் நாரோடு ஒட்டிய சோடியமும் பொட்டாசியமும் வெறும் நீருக்கு அசையாது. கலவை தயாரான பிறகு அவை மெல்ல விடுபட, அந்த இடத்தில் கால்சியமும் மக்னீசியமும் போய் ஒட்டிக்கொள்ளும். செடிக்குக் கிடைக்க வேண்டிய கால்சியம் நாருக்குப் போனால் குருத்திலை சுருங்கும், தக்காளியின் அடிப்பக்கம் கறுக்கும். லிட்டருக்கு 2 கிராம் ஜிப்சம் (கால்சியம் உள்ள கனிமத்தூள்) கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்து, பிறகு நல்ல நீரில் ஒருமுறை அலசினால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும்.

இன்னொன்று, பீட் மண்ணுக்காக (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய பாசியிலிருந்து எடுப்பது) எழுதிய குறிப்பை அப்படியே நார்த்தூளுக்குப் பின்பற்றுவது. பீட்டின் பி.எச். (அமில, காரத்தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) பொதுவாக 4-ஐ ஒட்டி இருக்கும் என்பதால் அந்தக் குறிப்புகளில் சுண்ணாம்புத்தூள் கட்டாயம் இருக்கும். நார்த்தூள் பெரும்பாலும் 5.5 முதல் 6.8 வரை. அதே அளவு சுண்ணாம்பைப் போட்டால் பி.எச். 7-ஐத் தாண்டி இரும்புச்சத்து கரையாமல் முடங்கும். இளம் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நார்த்தூள் கலவைக்குக் கால்சியம் வேண்டுமென்றால் பி.எச்.-ஐ உயர்த்தாத ஜிப்சமே சரி. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பைப் போலவே காரத்தன்மை கொண்டது, அதைக் கைநிறைய அள்ளிப் போடாதீர்கள்.

இப்போது உரத்துக்கு வரலாம். 60 லிட்டர் கலவைக்கு, 250 மி.லி. கப்பால் அளந்தால், வேப்பம் புண்ணாக்குத்தூள் 1 கப், கடற்பாசித்தூள் 1 கப், எலும்புத்தூள் அரை கப், ஜிப்சம் அரை கப், பசால்ட் என்ற எரிமலைப் பாறையின் தூள் 4 கப். இவ்வளவே போதும். கையில் இருக்கிறதே என்று கடலைப் புண்ணாக்கு, ஆமணக்குப் புண்ணாக்கு, மீன்தூள் எல்லாவற்றையும் ஒவ்வொரு கப் சேர்த்தால் நான்கு பெயரில் ஒரே தழைச்சத்தை (நைட்ரஜனை) கொட்டியதாகும். வேறு புண்ணாக்கு வேண்டுமானால் வேப்பம் புண்ணாக்கைக் குறைத்துக்கொண்டு போடுங்கள்.

எலும்புத்தூள் விஷயத்தில் கவனம் தேவை. அதில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் எளிதில் நகராது, கரைந்து வெளியேறுவதும் குறைவு. மக்கிய சாண உரத்திலும் அது உண்டு. ஒவ்வொரு முறை செடி மாற்றும்போதும் வழக்கமாகப் போட்டுக்கொண்டே வந்தால் தேங்கி, இரும்பையும் துத்தநாகத்தையும் தடுக்கும். வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பூஞ்சையும், மணிச்சத்து மிகுந்த மண்ணில் வேரைப் பற்றிக்கொள்ளத் தயங்கும்.

கரித்தூளைப் புதிதாகவே கலப்பதும் தவறு. அதன் காலித் துளைகள் முதலில் மண்ணின் சத்தைத்தான் இழுக்கும். கம்போஸ்ட்டோடு ஈரமாகக் கலந்து 2 வாரமாவது வைத்துவிட்டு, மொத்தக் கலவையில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் சேர்க்க வேண்டும். மக்காத மரத்தூள் அதைவிட மோசம்: கரிமம் மிகுந்த அந்தத் தூளைச் சிதைக்க நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப்போகும்.

கலந்த அன்றே நடுவதுதான் செடியை நேரடியாகக் கொல்லும் தவறு. புண்ணாக்கில் ஈரம் பட்டதும் நுண்ணுயிர்கள் பெருகி, சூடும் அம்மோனியாவும் கிளம்பும். மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை நுழைத்தால் வெதுவெதுப்பு தெரியும், ஆங்காங்கே வெண்ணிற நூல்போலப் பூஞ்சை ஓடியிருக்கும். இது நல்ல அறிகுறி, நடுவதற்கான அறிகுறி மட்டும் ஆகாது. வாரம் ஒருமுறை புரட்டி, 3 முதல் 4 வாரம் நிழலில் மூடிவைக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள்: உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடையில் ஓரிரு சொட்டுக்கு மேல் வரக் கூடாது, தட்டினால் உதிர வேண்டும். மூக்கைத் துளைக்கும் காரநெடி என்றால் இன்னும் வேகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்றால் தண்ணீர் அதிகம். பரப்பி ஆறவிட்டுக் கொஞ்சம் உமி சேருங்கள். சந்தேகம் தீராவிட்டால் 10 முள்ளங்கி விதை ஊன்றிப் பாருங்கள். முளைத்த இலையின் ஓரம் கருகாமல் வந்தால் நடலாம்.

10 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் இந்த முறை சரிவராது. வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்காய்க்கும் செடிக்கு 20 லிட்டராவது வேண்டும். மண் முற்றிலும் காய்ந்த பிறகு ஊற்றும் நீர் ஓரமாக ஓடி வெளியேறிவிடும், நடு மண் நனையாது. மேலே 3 முதல் 5 செ.மீ. சருகு மூடாக்கு இருந்தால் அந்த நிலை வராது.

அறுவடை முடிந்ததும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். தண்டை மட்டும் வெட்டிவிட்டு மெல்லிய வேர்களை உள்ளேயே மக்கவிடுங்கள். 20 லிட்டர் தொட்டிக்கு 2 லிட்டர் கம்போஸ்ட்டும் 2 மேசைக்கரண்டி வேப்பம் புண்ணாக்கும் மேல்பரப்பில் கிளறி, மூடாக்கிட்டு, ஈரம் குறையாமல் 2 வாரம் விட்டுவிட்டு அடுத்த செடியை வைக்கலாம். எலும்புத்தூள் இம்முறை வேண்டாம்.