செயின்சோவின் சைலன்சரைத் திறந்தால் வலு கூடும். பிறகு பிஸ்டனைக் காப்பாற்றுவது எப்படி?

2020 டிசம்பரில் புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியதற்கு மறுநாள், எங்கள் வளவில் பெரிய வேம்பு ஒன்று விழுந்து கிடந்தது. அதை அரிய என் பழைய செயின்சோவுக்கு வலு போதவில்லை. கேள்விப்பட்டதை நம்பி சைலன்சரில் இரண்டு துளை போட்டேன். இயந்திரம் பாய்ந்து வெட்டியது. நான்காவது குற்றியில் நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துவிட்டது.

துளை போட்டது பிழையில்லை. துளை போட்டுவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் காபரேட்டரைத் தொடாமல் விட்டதுதான் பிழை. புகை வெளியே போகிற வழியைப் பெரிதாக்கினால் உள்ளே வருகிற காற்றும் கூடுகிறது. அதற்கு ஏற்றபடி பெட்ரோலைக் கூட்டாவிட்டால் கலவை வறண்டு போகும். இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத்துக்குத் தேவையான ஒயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருகிறது. ஆகவே பெட்ரோல் குறைந்தால் ஒயிலும் குறையும், வெப்பம் ஏறும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் லேசு.

தொடங்குமுன்

சங்கிலியைத் தீட்டுங்கள், காற்று வடிகட்டியைக் கழுவுங்கள், புது பிளக் போடுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்துவிடும். மொட்டைச் சங்கிலியோடு பாலை மரத்தில் மல்லுக்கட்டிவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

எம்-ட்ரொனிக், ஓட்டோடியூன் என்று எழுதியிருக்கும் இயந்திரங்கள் கலவையைத் தாங்களே சரிசெய்பவை. அவற்றில் கீழே சொல்லும் திருகாணி வேலை பொருந்தாது. எச் (முழுவேகத்துக்கு), எல் (தாழ்ந்த வேகத்துக்கு) என்று இரண்டு திருகாணி உள்ள சாதாரண காபரேட்டருக்குத்தான் இந்த விளக்கம்.

இன்னொன்றையும் மறக்கவேண்டாம்: பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும், சொந்த வளவில் நின்றாலும்.

சைலன்சர்

இயந்திரம் நன்றாக ஆறட்டும். கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனை மேலே கொண்டுவந்தால் புகை வாசல் மூடிக்கொள்ளும். சைலன்சரைக் கழற்றுங்கள். இயந்திரத்தில் இருக்கும்போதே டிரில் போடக்கூடாது. ஓர் இரும்புத் துகள் உள்ளே விழுந்தாலே சிலிண்டர் கீறிப்போகும்.

இப்போது கணக்கு. சைலன்சரின் மொத்த வாசல், சிலிண்டரின் புகை வாசலில் நான்கில் மூன்று பங்கைத் தாண்டவேண்டாம். உதாரணத்துக்கு, புகை வாசல் 30 மில்லிமீற்றர் அகலம், 18 உயரம் என்றால் 540 சதுர மில்லிமீற்றர். அதில் முக்கால் 405. சைலன்சரில் ஏற்கெனவே 200 திறந்திருக்கிறது என்று வையுங்கள். 8 மில்லிமீற்றர் துளை ஒன்று ஏறக்குறைய 50 தரும். ஆக, நான்குக்கு மேல் தேவையில்லை. முதல்முறை செய்பவர் இரண்டோடு நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது நல்லது. துளையைப் பெரிதாக்கலாம், சின்னதாக்க முடியாது.

புகை எங்கே அடிக்கும் என்றும் பாருங்கள். பெட்ரோல் தாங்கி, பிளாஸ்டிக் மூடி, உங்கள் கை, இவற்றின் பக்கம் திரும்பக்கூடாது. தீப்பொறி வலையை எடுத்தெறியச் சொல்பவர்கள் உண்டு. கேட்கவேண்டாம். புதுத் துளைகளையும் அந்த வலை மறைக்கவேண்டும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் நிலாவெளிப் பக்கத்துப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? துகள்களை ஊதித் துடைத்துவிட்டு நல்ல கேஸ்கட்டோடு பூட்டுங்கள்.

காபரேட்டர்

உண்மையான வேலை இங்கேதான். எச், எல் திருகாணிகளை வலப்பக்கம் மெதுவாகத் திருகி, அடியில் முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். இறுக்கவேண்டாம், ஊசிமுனை கெட்டுப்போகும். பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அங்கிருந்து எச் திருகாணியை மட்டும் இடப்பக்கம் கால் சுற்றுத் திறவுங்கள். இடப்பக்கம் என்றால் பெட்ரோல் கூடும்.

சங்கிலியைத் தொடாதபடி, அது சுற்றி ஓடும் நீண்ட தகடான பாரை வெளிப்பக்கம் திருப்பி, இயந்திரத்தைத் தரையில் ஊன்றிப் பிடித்து, இரண்டு மூன்று நிமிடம் சூடாக்குங்கள். எல் திருகாணியைத் திருப்பி, சும்மா ஓடும் வேகம் அதிகமாக வரும் இடத்தைப் பிடியுங்கள். அங்கிருந்து கொஞ்சம் இடப்பக்கம். எக்ஸலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் தயங்காமல் ஏறவேண்டும். அப்புறம் சும்மா ஓடும் வேகத்தை மாற்றும் எல்.ஏ. திருகாணியால், சங்கிலி முழுதாக நிற்கும்வரை வேகத்தைக் குறையுங்கள்.

எச்சுக்குக் காதுதான் கருவி. மரத்தில் வைக்காமல் சில விநாடி முழுவேகம் கொடுங்கள். குரல் தெளிவாக, கூர்மையாகக் கத்தினால் பெட்ரோல் போதாது, உடனே விடுங்கள். எட்டில் ஒரு சுற்றுத் திறந்து மறுபடி பாருங்கள். குரல் லேசாகக் கரகரத்து, மரத்தில் இறங்கியதும் சுத்தமாக மாறினால் அதுதான் இடம். சில இயந்திரங்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் கொயில் இருக்கும். அதுவும் உச்சத்தில் இப்படியே கரகரக்கும். ஏமாந்துவிடவேண்டாம், எச்சை இன்னும் கொஞ்சம் திறந்து பார்த்து, கரகரப்பு தாழ்ந்த வேகத்திலேயே தொடங்குகிறதா என்று கவனியுங்கள்.

விடியக்காலையில் டியூன் செய்யுங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதில் சரியாக இருந்தால் மத்தியானச் சூட்டில் கலவை கொஞ்சம் செழிக்கும், ஆபத்தில்லை. மத்தியானம் டியூன் செய்தால் காலையில் வறளும். இதே காரணத்தால், நுவரெலியாவின் உயரத்தில் டியூன் செய்த இயந்திரத்தை வாங்கிக் கொண்டுவந்து கடலோரத்தில் அப்படியே ஓட்டக்கூடாது.

பிறகு வருகிற தொல்லைகள்

கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி கூப்பிட்டார்: "அண்ணன், எக்ஸலேட்டரை விட்டாலும் மெஷின் வேகம் இறங்குதில்லை, எச்சைத் திருகினாலும் மாற்றமில்லை." இது டியூனில் வந்த கோளாறு அல்ல, காற்றுக் கசிவு. காபரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர், அழுத்தக் குழாய், கிராங்க் சீல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். பெட்ரோலைக் கூட்டி அதை மறைத்தால் பிஸ்டன் போகும். அவருடையதில் ரப்பர் வெடித்திருந்தது. பழைய கசிவு, கூடுதல் வலுவில் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

அழுத்தியதும் மூச்சடைத்து நின்றால் எல் திருகாணியைக் கொஞ்சம் திறவுங்கள். சும்மா நிற்கும்போது சங்கிலி ஓடினால் எல்.ஏ.வைக் குறையுங்கள், அப்படியும் ஓடினால் கிளட்ச் ஸ்பிரிங்.

வலு திடீரென்று குறைந்தால் ஓட்டுவதை நிறுத்தி, சைலன்சரைக் கழற்றி வாசல் வழியே பிஸ்டனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் வறண்டு ஓடியிருக்கிறது.

சத்தம் முன்பைவிடக் கூடும், காதுமூடி இல்லாமல் தொடவேண்டாம்.

முதல் தாங்கிப் பெட்ரோல் முடிந்ததும் இயந்திரத்தை ஆறவிட்டு, சைலன்சர் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், சூட்டில் தளரும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் எச்சை இன்னும் திறவுங்கள். கறுத்து ஈரமாக இருந்தால் கொஞ்சம் மூடுங்கள். பால்தேத்தண்ணி நிறம் என்றால் அடுத்த குற்றியை உருட்டி வாருங்கள்.