புயலுக்குப் பின் வீட்டு மின்கம்பி: தெரிந்தவர்களே செய்யும் தவறுகள்

காற்று ஓய்ந்த மறுநாள் காலையில் டெல்டா கிராமங்களில் எல்லோருக்கும் ஒரே அவசரம். தொழில் பழகும் இளைஞர்கள் குறடும் இன்சுலேஷன் டேப்புமாகக் கிளம்பிவிடுகிறார்கள். வீட்டுக்காரர்கள் அவர்களையும் முந்திக்கொண்டு மீட்டர் பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயலுக்குப் பிறகும், 2018 நவம்பரில் கஜாவுக்குப் பிறகும் எங்கள் தலைமுறை வயரிங் ஆட்கள் செய்த பிழைகளையே இன்று இவர்களும் செய்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

அறுந்து கிடக்கும் கம்பியைத் தொடக் கூடாது, ஈரக் கையால் சுவிட்சைப் போடக் கூடாது என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊரே இருட்டாக இருப்பதால் கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்புவது

துணைமின் நிலையத்திலிருந்து வரும் 11,000 வோல்ட் பாதையை ஒரே மூச்சில் சீராக்க முடியாது. பகுதி பகுதியாகச் சரிசெய்து, கரண்ட் கொடுத்துப் பார்த்து, பழுது தெரிந்தால் நிறுத்தி, மறுபடி கொடுப்பார்கள். காலையில் செத்துக் கிடந்த கம்பிக்கு மதியம் யாரும் சொல்லாமலே உயிர் வந்துவிடும்.

தரையில் கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் எல்லோரும் விலகித்தான் போகிறார்கள். அது எதன்மேல் விழுந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. கொல்லையின் கம்பி வேலிமேல் விழுந்திருந்தால், பத்து வீடு தள்ளி அந்த வேலியில் கை வைப்பவருக்கும் ஆபத்துதான். கேபிள் டிவி வயர் மின்கம்பியோடு பின்னிக் கிடந்தால் அதையும் மின்கம்பியாகவே நினைக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னொரு வழக்கம் உண்டு. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரைத் தாங்கும் இரும்புக் குழாயில் ஒரு முனையையும் முருங்கை மரத்தில் மறு முனையையும் கட்டி, துணி காயப்போடக் கொடிக்கம்பி இழுத்திருப்பார்கள். புயலில் சர்வீஸ் வயரின் மேலுறை குழாய் வாயில் உரசிக் கிழிந்தால், ஈரத் துணியோடு போகும் பெண்ணின் கைக்குத்தான் அந்தக் கரண்ட் முதலில் வரும். அந்தக் கொடியை இன்றே அவிழ்த்து நைலான் கயிறு கட்டுங்கள். புயல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் சொருகுவது

எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்காத தவறு இது. ஒரு வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டுவார்கள். ஒரு முனை வாடகை ஜெனரேட்டரில், மறு முனை வீட்டுச் சுவரில். வீடு முழுக்க விளக்கு எரியும், மோட்டார் ஓடும். இப்படி ஒரு வயரைச் செய்து தருவதற்கு வயரிங் தெரிந்த ஆள்தான் வேண்டும் என்பதுதான் வேதனை.

கஜா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. வாரக் கணக்கில் கரண்ட் வராத ஊர்கள் உண்டு. குடிதண்ணீர் ஏற்றவும் செல்போன் சார்ஜ் போடவும் ஜெனரேட்டர் இல்லாமல் முடியாது என்ற நிலை. அதைக் குறை சொல்லவில்லை. அப்போது வேதாரண்யம் பக்கம் ஒரு தெருவில் நான் வயரிங் வேலையில் இருந்தேன். வெளிமாவட்டத்திலிருந்து வந்திருந்த லைன்மேன்கள் புதுக் கம்பம் நட்டு, கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை தொடங்கும் முன், கம்பியில் கரண்ட் இருந்தால் அதை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் ராடை எடுத்துக் கம்பியில் மாட்டினார்கள். பளீரென்று ஒரு பொறி. எல்லோரும் உறைந்து நின்றோம். அந்த நொடியில் நாலு வீடு தள்ளி ஒரு ஜெனரேட்டர் திணறி நின்றது. அந்த வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது யார் கரண்டை நிறுத்தியது என்று சத்தம் போட்டார்.

எர்த் ராடு மாட்டாமல் அந்த லைன்மேன் நேராகக் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு விளக்கினேன். நம்பவில்லை. தம்பி, இந்தச் சின்ன மெஷின் ஊருக்கே கரண்ட் கொடுத்துவிடுமா என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு எல்லா இளைஞர்களும் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சாதாரண நாளில் அந்தச் சின்ன ஜெனரேட்டரால் முடியாதுதான். தெருவின் மொத்தச் சுமையும் அதன்மேல் ஏறி உடனே நின்றுவிடும். புயலுக்குப் பிறகு நிலைமை வேறு. கம்பி அங்கங்கே அறுந்து, எல்லா வீட்டிலும் மெயின் அணைந்து, நாலைந்து கம்பத்துக்கு இடைப்பட்ட ஒரு துண்டு மட்டும் சுமையே இல்லாமல் நிற்கும். அந்தத் துண்டை 230 வோல்ட்டில் உயிரோடு வைத்திருக்க ஒரு சின்ன ஜெனரேட்டர் தாராளமாகப் போதும். கம்பி டிரான்ஸ்பார்மர் வரை அறாமல் இருந்து, ஜெனரேட்டரும் கொஞ்சம் பெரியதாக இருந்தால் விபரீதம் இன்னும் பெரிது. டிரான்ஸ்பார்மருக்கு முன்பக்கம், பின்பக்கம் தெரியாது. 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அதே பெட்டி, வீட்டிலிருந்து போகும் 230 வோல்ட்டை உயர்த்தி மேல்கம்பியில் ஏற்றிவிடும். துணைமின் நிலையத்தில் பாதையை நிறுத்திவிட்டோம் என்று உறுதி வாங்கிக்கொண்டு கம்பம் ஏறியவருக்கு அந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

மெயினை அணைத்துவிட்டுத்தான் சொருகினேன் என்பார்கள். இரவில் தெருவிளக்கு எரிவதுபோலத் தோன்றினால், கரண்ட் வந்துவிட்டதா பார்க்கலாம் என்று வீட்டில் யாராவது அந்த மெயினைப் போட்டுப் பார்ப்பார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. ஓர் உயிரை அந்த ஞாபகத்தின் பொறுப்பில் விட முடியாது. ஃபியூஸ் கட்டையை மட்டும் பிடுங்கி வைத்தாலும் போதாது. அது கரண்ட் வரும் பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கும், கரண்ட் திரும்பும் நியூட்ரல் கம்பி கம்பத்தோடு சேர்ந்தே இருக்கும். பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடக்கும் பழைய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்; அங்கே ஃபியூஸ் நியூட்ரலைத்தான் துண்டிக்கும்.

அந்த வயர் வீட்டுக்காரரையும் விடாது. சுவரிலிருந்து பிளக் கழன்றால் அதன் பித்தளைக் கால்கள் கரண்டோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஜெனரேட்டர் ஓடும்போது கம்பத்திலிருந்து கரண்ட் வந்து, மெயினும் போட்டிருந்தால் இரண்டும் மோதி, வாடகைக்கு எடுத்த மெஷின் கருகிவிடும்.

செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. வீட்டு வயரிங்கைத் தொடாமல், ஜெனரேட்டரிலிருந்தே தனி வயர் இழுத்து மோட்டாருக்கும் பிரிட்ஜுக்கும் கொடுக்கலாம். அல்லது உரிமம் பெற்ற வயர்மேனை வைத்து, பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடலாம். அதன் கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கம் தானாகவே துண்டிக்கப்பட்டிருக்கும். யாரும் எதையும் ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. எதுவானாலும் ஜெனரேட்டர் வெட்டவெளியில் இருக்கட்டும். அதன் புகை மூடிய அறையில் ஆளைக் கொல்லும்.

கூரையில் ஆன்கிரிட் சோலார், அதாவது மின்வாரியக் கம்பியோடு இணைந்தே ஓடும் சோலார் வைத்திருப்பவர்கள், வெயில் அடித்தும் ஏன் கரண்ட் வரவில்லை என்று கேட்கிறார்கள். கம்பத்தில் கரண்ட் போனதும் அந்த இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்படி செய்திருப்பது இதே லைன்மேனுக்காகத்தான். அதை ஏமாற்றி ஓட வைக்க வழி கேட்டு யாரும் என்னிடம் வர வேண்டாம்.

கரண்ட் வரும் நேரத்தில் எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்பது

விளக்கு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே மெயினை அணையுங்கள். மரம் விழுந்து இழுபட்ட பாதையில் நியூட்ரல் அறுந்தோ தளர்ந்தோ இருக்கலாம். அப்போது கம்பத்தின் வெவ்வேறு பேஸ் கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கும் இரண்டு வீடுகள் தமக்கிடையே 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். நிறைய ஓடும் வீட்டில் விளக்கு மங்கும். ஒற்றை பல்பும் டிவியும் மட்டும் ஓடும் வீட்டுக்குப் பெரும்பங்கு போய்ச் சேரும். ஒரே மாலையில் தெரு முழுக்க டிவி, பிரிட்ஜ், மிக்ஸி எல்லாம் கருகுவது இதனால்தான். கரண்ட் வரும்வரை பிளக்குகளைக் கழற்றி வையுங்கள். வந்ததும் பழைய குண்டு பல்பு ஒன்றை மட்டும் சில நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். அதன் வெளிச்சம் ஏறி இறங்காமல் இருந்தால் மற்றவற்றை ஒவ்வொன்றாகப் போடலாம்.

சர்வீஸ் வயரை முறுக்கி டேப் சுற்றுவது

வேண்டாம். அலுமினியத்தோடு செம்பை முறுக்கினால் உப்புக்காற்றில் சில மாதங்களில் அரித்துச் சூடேறும். வயரை முழுதாக மாற்றுங்கள்.

கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டதும் விழுந்துவிடுகிறது என்று அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைப்பது

அது விழுகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது, புயலுக்குப் பின் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். தண்ணீர் புகுந்த வீட்டில், வயரின் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கர் கருவி வைத்துப் பார்க்காமல் கரண்ட் கொடுக்கவே கூடாது. ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் காய விடுங்கள்.

எர்த்தை மறப்பது

வேரோடு சாய்ந்த தென்னை, கிணற்றடி எர்த் கம்பியையும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும். குனிந்து பாருங்கள்.

கம்பியில் சாய்ந்த மரத்தைத் தாமே வெட்டுவது

கரண்ட் இல்லை என்று உறுதியான பிறகும் இது ஆபத்துதான். மரத்தின் பாரத்தில் இழுபட்ட கம்பி நாண் ஏற்றிய வில்லைப்போல விறைத்து நிற்கும். அடிமரத்தை வெட்டியதும் பாரம் விலகி, கம்பி மேலே சாட்டையாக எகிறும், பாதி முறிந்த கம்பம் வெட்டுகிறவர் பக்கம் சாயும். முதலில் கம்பியை கம்பத்திலிருந்து தளர்த்த வேண்டும். அது மின்வாரிய ஆட்களின் வேலை.

அவர்களை அழைக்க மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண் இரவும் பகலும் இயங்குகிறது. தெருப்பெயரை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். மின் இணைப்பு எண்ணைச் சொல்லுங்கள். தெரிந்தால் பக்கத்துக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சொல்லுங்கள். கம்பி மட்டும் அறுந்ததா, கம்பமே சாய்ந்ததா என்று பிரித்துச் சொன்னால், வருகிறவர்கள் ஏணியோடு வருவதா கிரேனோடு வருவதா என்று அங்கேயே முடிவு செய்துகொள்வார்கள். தெருவில் யார் வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்பதையும், அவர்கள் வந்து இறங்கியதும் கம்பம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்.