'ஆல்தோ' வந்தால் 'பட்' எதற்கு?

"ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் ஐ வென்ட்." லீவு லெட்டர் முதல் இன்டர்வியூ வரை நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. 'ஆல்தோ' நம் 'ஆலும்' மாதிரி. "மழை பெய்தாலும் ஆனால் போனேன்" என்று சொல்வோமா? 'பெய்தாலும்' என்றதுமே வேலை முடிந்தது. அதனால் 'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம், நடுவில் ஒரு கமா போதும். 'பட்' தான் வேண்டுமென்றால் 'ஆல்தோ'வை வெட்டுங்கள்: "இட் வாஸ் ரெய்னிங், பட் ஐ வென்ட்." பேச்சுக்கு இதுதான் இயல்பு என்பது என் கட்சி.

'பிகாஸ்', 'ஸோ' ஜோடிக்கும் இதே கதை. "பிகாஸ் ஐ வாஸ் சிக், ஸோ ஐ டுக் லீவ்" என்பதில் இரண்டில் ஒன்று போதும்.

'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்'டுக்குப் பதிலாக 'யெட்' (yet) வந்திருந்தால் மட்டும் சிவப்பு மையை எடுக்காதீர்கள். கொஞ்சம் பழைய நடை, அவ்வளவுதான்.