குமரிக் கடற்காற்றில் யாஷிகா எலக்ட்ரோ 35: பழைய ரேஞ்ச்ஃபைண்டர் பழகுவோருக்கு

வீட்டு அலமாரியில் கிடந்ததோ, யாரோ கொடுத்ததோ, ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35 உங்கள் கைக்கு வந்திருந்தால் நல்ல கேமராதான் வந்திருக்கிறது. 1966-இல் ஜப்பானில் தொடங்கிய வரிசை. 45 மி.மீ., எஃப் 1.7 லென்ஸ். அப்பர்ச்சரை (வெளிச்சம் நுழையும் லென்ஸ் திறப்பை) நாம் வைத்தால் ஷட்டர் வேகத்தை அதுவே முடிவு செய்துகொள்ளும். வேறு ரேஞ்ச்ஃபைண்டர் (இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமரா) வைத்திருப்பவர்களுக்கும் ஃபோகஸ், பராமரிப்புப் பகுதிகள் பெரும்பாலும் பொருந்தும்.

1. பேட்டரி

இந்தக் கேமராவுக்கு அந்தக் காலத்தில் 5.6 வோல்ட் மெர்க்குரி பேட்டரி போட்டார்கள். இப்போது அது வருவதில்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரியை அடாப்டரோடு போட்டால் போதும். பேட்டரி இல்லாமலும் ஷட்டர் அடிக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அப்போது 1/500 நொடி வேகம் மட்டும்தான் கிடைக்கும்.

2. ஃபிலிம்

நிழலில் நின்று போடுங்கள். ஃபிலிம் நுனியைச் சுருட்டும் உருளையின் பிளவில் செருகி, பற்கள் துளைகளில் மாட்டியதைப் பார்த்த பிறகு மூடியைச் சாத்துங்கள். லீவரை இழுக்கும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழும் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை. அப்புறம் ரோலில் உள்ள ஏஎஸ்ஏ எண்ணை (ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்பதன் அளவு) டயலில் வையுங்கள்.

கடற்கரைக்கு 200 ஏஎஸ்ஏ ரோல் வாங்குங்கள். உச்சி வெயிலில் மணலும் தண்ணீரும் சேர்ந்து அடிக்கும் வெளிச்சத்துக்கு 400 ரோல் தாங்காது. எஃப் 16, 1/500 வரை போனாலும் வெளிச்சம் மிஞ்சிவிடும். பத்மநாபபுரம் அரண்மனையின் இருட்டு அறைகளுக்கு 400 சரி.

3. ஃபோகஸ்

இதைத்தான் நிதானமாகப் பழக வேண்டும். வ்யூஃபைண்டர் நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதற்குள் காட்சி இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி.

இரண்டு பிம்பமும் பக்கவாட்டில்தான் நகரும். அதனால் செங்குத்தான கோட்டைப் பிடிக்க வேண்டும்: தென்னை மரம், கொடிக்கம்பம், கதவு நிலை. கடலும் வானமும் சேரும் கோட்டிலோ மதகின் கிடைமட்ட விளிம்பிலோ வைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. அப்படிப்பட்ட இடத்தில் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி ஃபோகஸ் செய்துவிட்டு, பழையபடி பிடித்து எடுங்கள்.

முதல் ரோல் போடும் முன் ஒரு சோதனை. வளையத்தை முடிவிலிக் குறிக்குக் கொண்டுபோய், தூரத்து முட்டம் கலங்கரை விளக்கத்தையோ கரையில் நின்று வள்ளுவர் சிலையையோ பாருங்கள். பிம்பம் ஒன்றாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது. மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே மேல்தகட்டைக் கழற்ற வேண்டாம்.

குளச்சல் மீன் ஏலம் போன்ற பரபரப்பான இடத்தில் ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் செய்துகொண்டிருக்க முடியாது. எஃப் 11 வைத்து, தூரத்தை 4 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை தெளிவாக விழும். முகத்துக்கு நேரே எடுப்பதென்றால் "அண்ணே, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். அதுதான் முறை.

4. விளக்குகளும் மூடியும்

ஷட்டர் பட்டனை மெல்ல அழுத்தினால் சிவப்பு வருகிறதா? வெளிச்சம் அதிகம், அப்பர்ச்சரைச் சுருக்குங்கள், அதாவது எஃப் எண்ணைக் கூட்டுங்கள். மஞ்சள் வந்தால் ஷட்டர் மெதுவாகப் போகிறது. அப்பர்ச்சரைத் திறங்கள், இல்லையென்றால் தூணில் சாய்ந்து மூச்சை அடக்கி எடுங்கள்.

லென்ஸ் மூடியை எடுத்தீர்களா என்று எப்போதும் பாருங்கள். நாம் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. வெளிச்சத்தை அளக்கும் கண்ணும் லென்ஸுக்கு வெளியேதான் இருக்கிறது. மூடியிருந்தாலும் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும், ரோல் மட்டும் வீணாகும். 55 மி.மீ. யூவி ஃபில்டர் ஒன்றை நிரந்தரமாக மாட்டிவிட்டு மூடியை வீட்டில் வைத்துவிடுவதே நல்லது. உப்புத்துளியும் ஃபில்டரோடு நிற்கும்.

5. பராமரிப்பு

நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க வேறென்ன வேண்டும்? அதோடு வந்த தோல் உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் நீல நிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.

மாதம் ஒருமுறை, ரோல் இல்லாதபோது, பின்மூடியைத் திறந்து, பி-யில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) வைத்து ஷட்டரை அழுத்திப் பிடித்து, எஃப் 1.7-இல் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் போங்கள். விட்டால் கண்ணாடியின் பூச்சையே அது அரித்துவிடும்.

கடற்கரையிலிருந்து வந்ததும் துணியை எடுக்காதீர்கள். முதலில் ரப்பர் ஊதியால் மணலை ஊதித் தள்ளுங்கள். மணவாளக்குறிச்சி மணலில் கார்னெட் போன்ற கடினமான கனிமங்கள் இருக்கின்றன. உப்புத்தாளுக்குப் பயன்படுகிற பொருள் அது. ஊதிய பிறகு, நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் உடலை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். எங்காவது இறுகியிருக்கிறதென்று எண்ணெய் ஸ்ப்ரே மட்டும் அடிக்கவே கூடாது. எண்ணெய் ஷட்டர் இதழ்களுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும்.

பின்மூடி ஓரத்துக் கறுப்பு ஃபோம் இத்தனை வருடத்தில் பிசுபிசுத்துப் போயிருக்கும். அங்கேதான் வெளிச்சம் கசிந்து படத்தில் ஆரஞ்சுக் கறை விழும். பல்குத்தும் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டி எடுங்கள். துகள்கள் ஷட்டர் பக்கம் விழாதபடி கேமராவைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிய ஃபோம் பட்டை ஒட்டி, பசை காய ஓர் இரவு விட்டுவிட்டு அடுத்த ரோலைப் போடலாம்.