உராய்வை நாம் எங்கெல்லாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்

உராய்வு என்றதும் "இயக்கத்தைத் தடுக்கும் விசை" என்று ஒப்பித்துவிடுகிறோம். பாதி உண்மை அது. அந்தப் பாதியை மட்டும் நம்பியிருப்பதால்தான் தேர்வில் மதிப்பெண் போகிறது, ஈரச் சாலையில் வண்டி சறுக்குகிறது, எண்ணெய் விட்ட பூட்டு முன்பைவிட மோசமாக இறுகுகிறது. வேறு வேறாகத் தெரியும் இந்தத் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். உராய்வை எப்போதும் ஒரே அளவில் இருக்கும் விசை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது கேட்ட அளவுக்குத்தான் வரும், ஓர் எல்லை வரைக்கும்தான் வரும்.

இதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். தரையில் 20 கிலோ பெட்டி ஒன்று இருக்கிறது. நிலை உராய்வுக் குணகம், அதாவது அசையாத பெட்டியின் மேல் உராய்வு அழுத்தும் விசையில் எத்தனை பங்கு வரை போகும் என்று சொல்லும் எண், 0.5. பெட்டி தரையை அழுத்தும் விசை சுமார் 196 நியூட்டன், ஆகவே உராய்வின் உச்ச அளவு 98 நியூட்டன். இப்போது பெட்டியை 40 நியூட்டன் விசையோடு தள்ளுகிறோம். உராய்வு விசை எவ்வளவு? நிறைய மாணவர்கள் தயங்காமல் 98 என்று எழுதுவார்கள். அது சரியென்றால், நாம் தள்ளத் தள்ளப் பெட்டி 58 நியூட்டன் விசையோடு நம் மேலேயே திரும்பி வந்து மோத வேண்டும்! சரியான விடை 40. பெட்டி அசையாத வரை, நாம் எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுதான் உராய்வும். யாரும் தள்ளாமல் சமதளத்தில் கிடக்கும் பெட்டியின் மேல் உராய்வு பூஜ்யம். 98 என்பது அது தாங்கக்கூடிய வரம்பு. அதைத் தாண்டியதும் பெட்டி நகர ஆரம்பிக்கும், நகர ஆரம்பித்ததும் உராய்வு பெரும்பாலும் குறைந்துவிடும். பீரோவை நகர்த்தும்போது முதல் அசைவுக்குத்தான் மூச்சு முட்டுகிறது, பிறகு சுலபமாகப் போகிறது என்பதை எல்லாரும் கையால் உணர்ந்திருப்போம்.

திசையிலும் இதே குழப்பம் உண்டு. உராய்வு எதிர்ப்பது இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதைத்தான். பொருள் முன்னே போவதை அது எதிர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. நடக்கும்போது பாதம் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை உராய்வின் வழியே நம்மை முன்னே தள்ளுகிறது. சைக்கிளை மிதித்து வேகம் எடுக்கும்போது பின்சக்கரத்தில் உராய்வு முன்னோக்கியும், முன்சக்கரத்தில் பின்னோக்கியும் இருக்கும். ஒரே வண்டி, ஒரே சாலை, இரண்டு திசைகள். படம் வரையும்போது கண்ணை மூடிக்கொண்டு எல்லா அம்புக்குறியையும் பின்னால் திருப்பிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு.

"கனமான சாமான்தானே, எங்கே நகரப்போகிறது?" என்று வண்டியில் ஏற்றிய பொருளைக் கட்டாமல் விடுவது இதைவிட ஆபத்தானது. எடை கூடினால் உராய்வின் உச்சம் கூடும் என்பது சரிதான். ஆனால் வண்டி பிரேக் போடும்போது அந்தப் பொருளை நிறுத்தத் தேவைப்படும் விசையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. இரண்டிலும் நிறை அடிபட்டுப்போக, மிஞ்சுவது உராய்வுக் குணகம் மட்டும்தான். குணகம் 0.3 என்றால், ஒவ்வொரு விநாடியும் வண்டியின் வேகம் விநாடிக்குச் சுமார் 3 மீட்டருக்கு மேல் குறையாத வரைதான் சாமான் இருந்த இடத்தில் இருக்கும். உலர்ந்த சாலையில் ஒரு கார் அவசரமாகப் பிரேக் பிடித்தால் அந்தக் குறைவு 7 மீட்டரைத் தொடும். அப்போது 5 கிலோ பையும் 500 கிலோ இயந்திரமும் ஒன்றுபோலவே முன்னே பாயும். எது மேலே வந்து மோதினால் தாங்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கனமான பொருளைத்தான் முதலில் கட்ட வேண்டும்.

பரப்பளவு பற்றிய நம்பிக்கையும் ஆழமானது. செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தாலும் குத்துவாட்டில் வைத்து இழுத்தாலும் உராய்வு ஏறத்தாழ ஒன்றுதான். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியொனார்டோ டா வின்சி இதைத் தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்தார். அவை வெளியே வராமல் கிடந்ததால், 1699இல் பிரான்சில் கியோம் அமோந்தோன் என்ற இயற்பியலாளர் அதைத் தனியே மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. காரணம் விளங்க 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. எவ்வளவு வழவழப்பான பரப்பாக இருந்தாலும், நுண்ணிய அளவில் அது மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது மேடுகளின் நுனிகளில் மட்டுமே. பளு கூடும்போது நுனிகள் நசுங்கி, அந்த உண்மைத் தொடுபரப்பு கூடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் பரப்புக்கு இதில் பெரிய பங்கில்லை. ரப்பர் மட்டும் இந்த விதிக்கு முழுசாகக் கட்டுப்படாது. மென்மையான பொருள் என்பதால் அகலமும் அழுத்தமும் அங்கே கணக்கில் வரும்.

அப்படியானால் வழவழப்பாக்க ஆக்க உராய்வு குறைந்துகொண்டே போகுமா? ஓர் அளவு வரைதான். அதற்கு மேல் கதை தலைகீழ். பட்டறைகளில் அளவு சரிபார்க்கப் பயன்படும் எஃகு அளவுக் கட்டைகள் மிகத் துல்லியமாக மெருகேற்றப்பட்டவை. இரண்டை ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்தால் பசை இல்லாமலே ஒட்டிக்கொண்டு நிற்கும். நுனிகளுக்குப் பதில் பரப்பே பரப்பைத் தொடும்போது, மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

டயரில் பள்ளங்கள் இருப்பது பிடிப்பைக் கூட்டத்தான் என்று நினைப்பவர்களுக்கு: உலர்ந்த தளத்தில் பந்தயக் கார்கள் ஓடுவது பள்ளமே இல்லாத மொட்டை டயரில். பள்ளங்களின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. அவை தேய்ந்துபோனால் வேகமாகப் போகும்போது டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். அப்புறம் ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. காய்ந்த சாலையில் நன்றாகத்தானே பிடிக்கிறது என்ற தைரியத்தில் தேய்ந்த டயரோடு மழையில் இறங்குவது உயிரோடு விளையாடுவது.

பிரேக்குக்கு வருவோம். இங்கேதான் நம் தவறான எண்ணங்களுக்கு உடனுக்குடன் விலை கொடுக்கிறோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், உராய்வுக் குணகம் 0.7 உள்ள சாலையில், பிரேக் பிடித்தபின் நிற்க ஆகும் தூரம் சுமார் 5 மீட்டர். 60 கிலோமீட்டரில் அது 10 ஆகாது, 20 ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. அதே 60இல், சாலை நனைந்து குணகம் 0.4 ஆகிவிட்டால் 35 மீட்டர் வேண்டும். நாம் சுதாரிப்பதற்குள் வண்டி கடக்கும் தூரம் இதில் சேராது.

பதற்றத்தில் பிரேக்கை ஒரேயடியாக மிதித்து சக்கரத்தைப் பூட்டிவிட்டால் இன்னும் மோசம். உருளும் சக்கரத்தில் சாலையைத் தொடும் புள்ளி வழுக்குவதில்லை, அங்கே இருப்பது நிலை உராய்வு. பூட்டிய சக்கரம் தேய்த்துக்கொண்டு போகிறது, பிடிப்பு குறைகிறது. அதைவிட முக்கியம், வண்டியைத் திருப்பவும் முடியாது. ஏபிஎஸ் என்ற பிரேக் அமைப்பு செய்வது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதைத்தான். இருசக்கர வண்டியில் "முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்" என்று பயமுறுத்தி, பின்பிரேக்கை மட்டும் பழக்கிவிடுகிறோம். வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்துக்கு மாறுகிறது. அழுத்தம் அங்கேதான் கூடுகிறது, ஆகவே பிடிப்பும் அங்கேதான். பின்சக்கரம் லேசாகி, சுலபமாகப் பூட்டிச் சறுக்கிவிடும். வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கை மெல்ல இறுக்கிக்கொண்டே போவதுதான் முறை. இதைப் பழகுபவர்களுக்கு முதல் நாளே கற்றுக்கொடுக்க வேண்டும்.

மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வருவதும் இந்த வகைதான். 1,000 கிலோ காரை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தினால் வெளிவரும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீரை 33 டிகிரி செல்சியஸ் சூடாக்கப் போதுமானது. இறக்கம் முழுக்க இது சேர்ந்துகொண்டே போனால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். குறைந்த கியரில் என்ஜினையே வேகத்தைக் கட்டுப்படுத்த விட்டால் பிரேக் மிஞ்சும்.

வீட்டில் கனமான பெட்டியை நகர்த்தும்போது மேலிருந்து குனிந்து கீழ்நோக்கித் தள்ளுவது வீண் உழைப்பு. நாமே பெட்டியைத் தரையோடு அழுத்தி உராய்வைக் கூட்டுகிறோம். முன்பு சொன்ன அதே 20 கிலோ பெட்டி, நகரும்போது பொருந்தும் இயக்க உராய்வுக் குணகம் 0.4 என்று கொள்வோம். 30 டிகிரி கீழ்நோக்கித் தள்ளினால் 118 நியூட்டன் தேவை. கயிறு கட்டி 30 டிகிரி மேல்நோக்கி இழுத்தால் 74 நியூட்டன் போதும். முதுகுக்கும் நல்லது.

கடைசியாக எண்ணெய். கீச்சிடும் எல்லாவற்றுக்கும் கைக்குக் கிடைத்த எண்ணெயை விடும் பழக்கம் நிறையப் பொருள்களைக் கெடுத்திருக்கிறது. சமையல் எண்ணெய் காற்றுப் பட்டுப் பிசினாகும், தூசியைச் சேர்த்துக்கொள்ளும். அதனால்தான் சில மாதங்களில் பூட்டு சாவியை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பூட்டுக்குள் கிராபைட் தூள், கதவுக் கீலுக்கு இயந்திர எண்ணெய் ஒரு துளி, பேரிங்குக்கு கிரீஸ் என்று ஒவ்வொன்றுக்கும் உரியது உண்டு. பேரிங்கில் கிரீஸைத் திணித்து நிரப்பினாலும் அது கடைந்து கடைந்து சூடேறும். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடும்போது பிரேக் டிஸ்க்கை மறைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சொட்டு விழுந்தாலும் பிரேக் கட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும். பல சமயம் கட்டையையே மாற்ற வேண்டி வரும், அதுவரை அந்தப் பிரேக்கை நம்பி வேகமாக ஓட்டக்கூடாது.