இருவர் மட்டும் உள்ள வீட்டில் வடாம் இடும் முறை

மாசியில் சந்தைக்கு மாவடு வரும், பங்குனியில் வேப்பம்பூ உதிரும், சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் மொட்டை மாடிகளில் பழைய வேட்டிகள் விரியும். கூட்டுக் குடும்பங்கள் இருந்தபோது இந்த வேலைகளைப் பாட்டி, அத்தை, நாத்தனார், அடுத்த வீட்டு மாமி என்று நாலைந்து பெண்கள் சேர்ந்து இரண்டு காலைப்பொழுதுகளில் முடித்துவிடுவார்கள். ஆண்களின் பங்கு பெரும்பாலும் கிழிந்த வேட்டியைக் கொடுப்பதோடு நின்றுவிடும். கணவனும் மனைவியும் மட்டும் வாழும் இன்றைய வீடுகளில் அந்தக் கைகள் இல்லாததால், வடாம் என்பது கடையில் வாங்கும் பொட்டலமாகிவிட்டது. ஆனால் அளவைக் குறைத்துக்கொண்டு, வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டால், இரண்டே பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஓராண்டுக்கான வடாத்தை இட்டுவிட முடியும். இதனால் பணம் பெரிதாக மிச்சமாகும் என்று சொல்ல மாட்டேன். தொடங்கி அன்றே முடிகிற ஒரு வேலையை இருவரும் சேர்ந்து செய்வதற்கு நம் வீடுகளில் வாய்ப்பு குறைவு என்பதாலேயே இதைப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். அம்மாவிடமோ மாமியாரிடமோ கேட்டால் படிக்கணக்கில்தான் சொல்வார்கள்; அது பத்துப் பேர் சாப்பிட்ட வீட்டின் கணக்கு. இருவருக்கு அரை கிலோ பச்சரிசியும் 100 கிராம் ஜவ்வரிசியும் போதும். சேர்த்த தண்ணீரெல்லாம் வெயிலில் போய்விடும் என்பதால், காய்ந்த வடாமும் ஏறத்தாழ அதே 600 கிராம் எடைதான் இருக்கும். வாரம் ஒருமுறை ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பொரித்தாலும் அடுத்த கோடை வரை வந்துவிடும். புது அரிசியில் கூழ் குழைந்து பிசுபிசுக்கும் என்பதால் பழைய அரிசியே ஏற்றது. ஜவ்வரிசியில் மாவுபோல் உதிராத, ஒரே அளவான மணிகளாகப் பார்த்து வாங்குங்கள். நம் ஊர் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவது. சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளே இதற்குப் பெயர்பெற்றவை, சேலம் ஜவ்வரிசிக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாள் தேர்வில் ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. அக்கினி நட்சத்திரம்தான் கடும் வெயில், ஆகவே அதுவே வடாத்துக்குச் சிறந்த காலம் என்று பலரும் காத்திருக்கிறார்கள். மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அந்த நாட்களில் உள்மாவட்டங்களில் மாலைக் கோடைமழை எப்போது வேண்டுமானாலும் கொட்டும். பாதி காய்ந்த வடாம் நனைந்தால் புளித்து வீணாகிவிடும். பங்குனிக் கடைசியிலும் சித்திரை முதல் பாதியிலும், அதாவது ஏப்ரல் மாதத்தில், தொடர்ந்து மூன்று நாள் வெயில் கிடைப்பது ஓரளவு உறுதி. வேலைக்குச் செல்லும் இணையர் சனிக்கிழமை இரவு ஆயத்தங்களைச் செய்து, ஞாயிறு காலை வடாம் இட்டு, திங்கள், செவ்வாய் இரு நாட்களும் காலையில் வெயிலில் வைத்துவிட்டு மாலை வீடு திரும்பியதும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வேலைப் பிரிவினை. மனைவி எல்லாவற்றையும் செய்ய, கணவன் கூப்பிட்டபோது வந்து உதவுவது என்ற ஏற்பாட்டை நான் பரிந்துரைக்கவில்லை. அப்படிச் செய்தால் ஒருவர் மேற்பார்வையாளராகவும் மற்றவர் எடுபிடியாகவும் மாறிவிடுவதால், காலை எட்டு மணிக்குள் இருவருக்கும் முகம் சுருங்கிவிடும். அதைவிட, அடுப்படி முழுவதும் ஒருவர் பொறுப்பு, மாடி முழுவதும் மற்றவர் பொறுப்பு என்று முதல் நாளே முடிவு செய்துகொள்வது நல்லது. அடுப்படிக்காரர் மாவு, உப்பு, காரம், கூழின் பதம் ஆகியவற்றைத் தீர்மானிப்பார். மாடிக்காரர் தரையைப் பெருக்கித் துடைப்பது, வேட்டி விரிப்பது, கல் வைப்பது, காக்கை காவல், உரித்தெடுப்பது ஆகியவற்றைத் தீர்மானிப்பார். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கேட்காமல் யோசனை சொல்லக் கூடாது. யாருக்கு எது என்பதில் ஆண், பெண் கணக்கு வேண்டியதில்லை. கூழ் கிளறுவதற்கு நல்ல கைவலு வேண்டும், வேட்டியிலிருந்து வடாம் உரிப்பதற்குப் பொறுமை வேண்டும், அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

சில நாட்களுக்கு முன்பே அரிசியைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் உலர்த்தி, மிஷினில் கொடுத்து நைசாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு ஜவ்வரிசியைக் கழுவி, மூழ்கும் அளவு தண்ணீரில் ஊறவிட வேண்டும். பத்துப் பதினைந்து பச்சை மிளகாயைக் கல்லுப்புடன் சேர்த்து விழுதாக அரைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். தேன்குழல் அச்சையும் ஓமப்பொடி அச்சையும் தேடி எடுத்துக் கழுவி வைப்பதும் அன்றிரவு வேலைதான். தீபாவளிக்குப் பிறகு அவை எந்தப் பரணில் போயின என்று விடியற்காலையில் ஆராய்வது நல்ல தொடக்கமாக இராது.

ஞாயிறு ஐந்து மணிக்கு எழுந்தால் சரியாக இருக்கும். அடி கனமான பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஊறிய ஜவ்வரிசியைப் போட்டு, மணிகள் கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவிடுங்கள். அரிசி மாவை இன்னோர் அரை லிட்டர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒருவர் மெல்ல ஊற்ற மற்றவர் மரத்துடுப்பால் விடாமல் கிளற வேண்டும். அன்றைய காலையில் இருவரும் அடுப்படியில் ஒன்றாக நிற்க வேண்டிய ஒரே கட்டம் இது. தனியாளாகச் செய்தால் கட்டி தட்டும். தீயைக் குறைத்து, மிளகாய் விழுது, பெருங்காயம் சேர்த்துக் கிளறிக்கொண்டே இருங்கள். கூழ் கொதிக்கும்போது குமிழ் வெடித்துக் கைமேல் தெறிக்கும், ஆகவே கிளறும் கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வது அவசியம். அரிசிக்கு அரிசி வேறுபடும் என்பதால் பக்கத்தில் சிறிது வெந்நீரும் வைத்துக்கொண்டு, மிகவும் இறுகினால் மட்டும் ஊற்றுங்கள். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டாமல், பளபளவென்று வந்தால் கூழ் வெந்துவிட்டது. மாவு அரைகுறையாக வெந்திருந்தால் வடாம் காய்ந்தபின் பொடிப்பொடியாக உடையும், எண்ணெயிலும் பூக்காது. ஆகவே இந்த இடத்தில் மட்டும் அவசரம் கூடவே கூடாது.

உப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கூழில் உள்ள தண்ணீர் வெயிலில் போகும், உப்பு போகாது. வாய்க்குச் சரியாக இருக்கிற கூழ், வடாமாகும்போது கரிக்கும். சுவைத்துப் பார்க்கையில் ‘இன்னும் கொஞ்சம் போடலாமே’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிடுவதே சரியான அளவு. காரத்துக்கும் இதே விதிதான். அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்த பிறகு இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாற்றைச் சேர்க்கவும். கொதிக்கும்போது பிழிந்தால் சில நேரம் கசப்புத் தட்டும்.

அச்சில் பிழிவதற்கு முன், இரண்டு கிண்ணங்களில் கொஞ்சம் கூழை எடுத்து, மேலே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள். வடாம் போடும் நாளின் காலைச் சிற்றுண்டி அதுதான். காய்ந்து பொரிந்த வடாத்தைவிட இந்தக் கூழுக்காகவே வடாம் இடுபவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சற்றே மீறினால் மாடிக்குப் போக எதுவும் மிஞ்சாது என்பது ஒன்றே இதில் உள்ள ஆபத்து.

மாடிக்காரர் இதற்குள் தரையைத் துடைத்து, நைந்த பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து, சுருக்கமில்லாமல் விரித்து, நான்கு முனைகளிலும் செங்கல் வைத்திருக்க வேண்டும். நெகிழித் தாளில் இட்டால் உரிப்பது எளிது என்பார்கள். சுடச்சுட இருக்கும் கூழை நெகிழிமேல் இடுவது எனக்கு உவப்பில்லை, வேட்டியே போதும். கூழ் சூடாக இருக்கும்போதுதான் அச்சில் இலகுவாக இறங்கும், ஆறினால் கை நொந்துவிடும். ஒருவர் கூழை அச்சில் நிரப்பித் தர, மற்றவர் பிழிய, ஒரு வேட்டி முடிந்ததும் இடம் மாறிக்கொள்வது நல்லது. பிழிவதில் கைவராதவர்கள் கூழில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து, வெந்நீர் விட்டுத் தளர்த்தி, கரண்டியால் சிறு வட்டங்களாக ஊற்றலாம். அது இலேசாகப் பொரிந்து வரும். ஏழரை மணிக்குள் இட்டு முடித்தால் அன்றைய வெயில் முழுவதும் கிடைக்கும்.

காக்கைகளுக்கு வழக்கமான ஏற்பாடு, வேட்டியின் ஓரத்தில் ஒரு கறுப்புக் குடையை விரித்து வைப்பது. காலை வேளையில் அது பயன்படும். பத்து மணிக்குள் காக்கைகள் குடையைப் புரிந்துகொண்டுவிடும். பிறகு ஒருவர் மாடிப்படி நிழலில் உட்காருவதைத் தவிர வழியில்லை. இது தண்டனை அல்ல. செய்தித்தாள், ஒரு செம்பு நீர்மோர், சாவகாசமாகப் பேச நேரம் கிடைக்காமல் தள்ளிப்போட்ட வீட்டு விஷயங்கள் ஆகியவற்றோடு இருவருமே போய் உட்காரலாம். மதியத்துக்கு மேல், மேலே காய்ந்து உள்ளே இன்னும் மெத்தென்று இருக்கும் பருவத்தில் ஒன்றிரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள மாடிக்காரருக்கு முழு உரிமை உண்டு.

மாலையில் வேட்டியோடு சேர்த்து மடக்காமல் தூக்கி உள்ளே கொண்டுவந்து, பின்புறமாகத் திருப்பி, கையால் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் விட்டால் வடாம் துணியை விட்டுக் கழன்று வரும். இழுத்துப் பிய்க்கக் கூடாது. வேட்டியைப் பின்னாலிருந்து விரலால் தள்ள வேண்டும். உரித்தவற்றைத் தாம்பாளங்களில் பரப்பி மறுநாளும் அதற்கடுத்த நாளும் வெயிலில் வையுங்கள். உடைத்தால் ‘டக்’கென்று ஒலியோடு முறிய வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் வெயில் தேவை. ஈரம் நின்றால் டப்பாவில் பூசணம் பூக்கும்.

மாடிச் சாவி கிடைக்காத அடுக்குமாடி வீடுகளில் கிழக்கோ மேற்கோ பார்த்த பால்கனியில், ஒரு பழைய கயிற்றுக் கட்டிலின்மேல் வேட்டியை விரித்து இதைச் செய்யலாம். பாதி நாள் வெயிலே கிடைக்கும் என்பதால் நாட்கள் இரட்டிப்பாகும், அளவையும் கால் கிலோவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சென்னைபோல் கடற்காற்று மதியத்தில் ஈரத்தோடு வரும் ஊர்களில் காலை வெயிலே மதிப்பு வாய்ந்தது.

பக்குவத்தைப் பற்றிய சர்ச்சை ஒன்று வந்தே தீரும். ஒரு வீட்டில் சீரகம், ஒரு வீட்டில் ஓமம். ஒரு வீட்டில் எலுமிச்சை, ஒரு வீட்டில் மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்த புளிப்பு. தக்காளிச் சாறு விட்டுச் சிவப்பாக இடும் வீடுகளும் உண்டு. எது சரி என்று அம்மாவையும் மாமியாரையும் அலைபேசியில் ஒருவர் பின் ஒருவராக அழைத்துத் தீர்ப்புக் கேட்பதைத் தவிர்த்துவிடுங்கள். கூழ் ஒன்றாக வெந்தபின் இரண்டு பாத்திரங்களில் பிரித்து, ஆளுக்கொரு பக்குவத்தில் கலந்து, ஒன்றைத் தேன்குழல் அச்சிலும் மற்றதை ஓமப்பொடி அச்சிலும் பிழிந்தால் காய்ந்த பிறகும் அடையாளம் தெரியும். எந்த டப்பா முதலில் தீர்கிறது என்பதை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்ளலாம்.

விரித்த இடமும் வெயிலும் வீணாகாமல், அதே வாரத்தில் கால் கிலோ மோர் மிளகாயும் போட்டுவிடலாம். மிளகாயைக் கீறி உப்புப் போட்ட கெட்டி மோரில் இரவெல்லாம் ஊறவிட்டு, பகலில் வெயிலில் உலர்த்தி, மாலையில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் இழுக்கும்வரை தொடர வேண்டும். இதற்கு உழைப்பு குறைவு, நினைவு மட்டும் வேண்டும். ‘மோரில் போட்டாயிற்றா’ என்று தினமும் மாலை ஒருவர் கேட்க மற்றவர் விழிக்கும் வேலை.

ஈரமில்லாத எவர்சில்வர் தூக்கில் வடாத்தைப் போட்டு மூடுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாசி வெயிலில் ஒருமுறை காட்டி எடுப்பது நல்லது. பொரிக்கும்போது எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சிறு துண்டைப் போட்டால் உடனே மேலெழும்பிப் பூக்க வேண்டும். உள்ளே மிஞ்சிய சிறு ஈரம் சட்டென்று ஆவியாவதால்தான் வடாம் விரிகிறது, எண்ணெய் மந்தமாக இருந்தால் விரியாமல் எண்ணெயைக் குடிக்கும். அடியில் தங்கும் நொறுங்கல்களை எறிய வேண்டாம். கீரை மசியலுக்கும் வற்றல் குழம்புக்கும் கடுகோடு அவற்றைப் பொரித்துத் தாளித்துக் கொட்டினால், முழு வடாம் தீர்ந்துபோன மாசி மாதத்திலும் அந்த மணம் கிடைக்கும்.